கதவடைக்கும் கப்பல்கள்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடல்சார் வரலாற்றில் விருப்பமான பொருளை எடுத்துப் பேசலாம் என்று இந்த அறக்கட்டளையினர் சொன்னார்கள். சோழர் கடற்படையையோ முத்துக்குளிப்பையோ நீங்கள் எதிர்பார்த்து வந்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பது, இரண்டாம் உலகப் போரில் ஜாவாக் கடலிலும் போர்னியோக் கரையிலும் பணிபுரிந்த டச்சுக் கடற்படையின் கண்ணிக் கப்பல்களை. அவற்றுள்ளும் சிறப்பாக, ஒரே வரைபடத்தில் கட்டப்பட்ட இரண்டு கப்பல்களை: கௌடன் லேயூ, பிரின்ஸ் ஃபான் ஒரான்யே.

இவற்றைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கடற்போர் வரலாறு பீரங்கியை நினைவில் வைத்துக்கொள்கிறது, கண்ணியை மறந்துவிடுகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த எம்டனை இன்றும் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். ஆனால் 1917 பிப்ரவரியில் கொழும்புக்கு வெளியே வோல்ஃப் என்ற இன்னொரு ஜெர்மன் கப்பல் ஓசையின்றிக் கண்ணிகளைப் போட்டுவிட்டுப் போனதும், அவற்றில் மோதி வொர்செஸ்டர்ஷயர், பெர்சியஸ் ஆகிய இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் மூழ்கியதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சுட்டவனைக் கண்டவர்கள் இருந்தார்கள். கண்ணி போட்டவனை எவரும் காணவில்லை. கண்ணிக் கப்பலின் பணிவரலாற்றை எழுத வருகிறவருக்கு முதல் இடையூறே இதுதான். அந்தக் கப்பலின் குறிப்பேட்டில் 'இன்ன இடத்தில் இத்தனை கண்ணிகள் இறக்கப்பட்டன' என்று இருக்கும். அதன் பிறகு நடந்தவை வேறு கப்பல்களின் குறிப்பேடுகளில் சிதறிக் கிடக்கும். அவற்றைத் தேடிச் சேர்த்தால்தான் கதை கிடைக்கும்.

கண்ணி வேலை செய்யும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், மாணவர்களுக்குப் பயன்படும். அன்றைய கடற்கண்ணி, வெடிமருந்தும் காற்றிடமும் கொண்ட ஓர் இரும்புக் கோளம். அது மிதக்கும் தன்மையுடையது. அதனோடு இரும்புக் கயிற்றால் பிணைத்த கனத்த நங்கூரப் பெட்டி கடலடியில் போய் அமரும். கயிற்றின் நீளத்தை அளந்து விடுவதால் கோளம் மேலே வந்துவிடாமல், கப்பலின் அடிப்பகுதி தொடக்கூடிய ஆழத்தில் நீருக்குள் நிற்கும். கோளத்தின் மேல் ஈயத்தால் ஆன கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கொம்புக்குள்ளும் அமிலம் அடைத்த கண்ணாடிக் குழாய் ஒன்று. கப்பல் மோதினால் ஈயம் வளையும், கண்ணாடி உடையும், அமிலம் கீழேயுள்ள மின்கலத்தில் வழியும், மின்சாரம் பிறக்கும், வெடிக்கும். ஆண்டுக்கணக்கில் நீரில் கிடந்தாலும் இந்த ஏற்பாடு பழுதடைவது அரிது.

கண்ணிக் கப்பலின் மேல்தளத்தில் தண்டவாளங்கள் இருக்கும். கண்ணிகளை அவற்றின் மேல் உருட்டிச் சென்று பின்புறத்தில் ஒவ்வொன்றாக நீரில் விடுவார்கள். வீரத்தைவிடக் கணக்குத்தான் இங்கே அதிகம் வேண்டும்: கப்பலின் திசை, வேகம், ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடையே கழிய வேண்டிய நொடிகள். ஏனென்றால் போட்ட இடத்தை வரைபடத்தில் துல்லியமாகக் குறித்தாக வேண்டும். அந்த வரைபடம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குப் போய்ச் சேரவில்லை என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கண்ணியின் வலிமையை ஜப்பானியர் நேரில் அறிந்தவர்கள். 1904-இல் போர்ட் ஆர்தருக்கு வெளியே ரஷ்யரின் அமூர் என்ற கண்ணிக் கப்பல் போட்ட கண்ணிகளில் ஜப்பானின் ஹட்சுசே, யாஷிமா என்ற இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் மே 15 அன்று ஒரே நாளில் அழிந்தன. அதற்கு ஒரு மாதம் முன்னால், ஜப்பானியர் போட்ட கண்ணியில் மோதி பெட்ரோபாவ்லோவ்ஸ்க் மூழ்கியது; அதிலிருந்த ரஷ்யத் தளபதி மகாரோவும் இறந்தார். போர் முடிந்த பின்னும் அறுந்து மிதந்த கண்ணிகள் வணிகக் கப்பல்களைக் கொன்றன. அந்த அச்சம்தான் 1907-இல் ஹேக் நகரில் கண்ணிகளுக்கென்று தனி உடன்படிக்கை ஒன்றைப் பிறப்பித்தது. நங்கூரத்திலிருந்து அறுந்த கண்ணி உடனே தீங்கற்றதாகிவிட வேண்டும். ஆபத்தான பகுதிகளைப் போர்ச்சூழல் இடம்கொடுத்தவுடன் கப்பலோட்டிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் விதிகள் உண்டு. நெதர்லாந்து மண்ணில் வைத்து உருவான உடன்படிக்கை அது.

டச்சுக்காரர்களுக்குக் கண்ணி ஏன் அத்தனை தேவைப்பட்டது? சுமத்ரா தொடங்கி நியூகினிவரை பரந்த ஒரு தீவுக்கூட்டத்தை அவர்கள் ஆண்டார்கள். அதைக் காக்க அவர்களிடமிருந்த கடற்படையோ சிறியது. எண்ணெய்த் துறைமுகங்களோ ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரூசரை நிறுத்த முடியாது. வாயிலில் கண்ணி போட்டுக் கதவை அடைத்துவைக்கலாம். அதற்காக 1930-களின் தொடக்கத்தில் வந்தவைதான் நான் சொன்ன இரட்டைக் கப்பல்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,300 டன் எடை, மணிக்கு 15 கடல் மைல் வேகம், 150 கண்ணிகள்வரை ஏற்றும் இடம். ஆயுதமென்று பார்த்தால் 7.5 சென்டிமீட்டர் பீரங்கி இரண்டும், விமானங்களை எதிர்க்கச் சில சிறு பீரங்கிகளும்தான். எதிரியின் நாசகாரிக் கப்பல் ஒன்று தேடி வந்தால் ஓடவும் முடியாது, நின்று அடிக்கவும் முடியாது. கட்டியவர்களும் இதை அறிவார்கள். எதிரி வருவதற்குள் வேலையை முடித்துவிட்டு விலகிவிட வேண்டும் என்பதே அந்த வடிவத்தின் உள்ளார்ந்த எண்ணம்.

பெயர்கள் மட்டும் பெரியவை. தங்கச் சிங்கம் என்று பொருள்படும் கௌடன் லேயூ, 1673-இல் டெக்சல் போரில் கார்னெலிஸ் டிராம்ப் ஏறிநின்று போரிட்ட தலைமைக் கப்பலின் பெயர். மற்றதற்கு ஆரஞ்சு இளவரசரின் பெயர்.

கௌடன் லேயூவின் முதல் கடுமையான பணி அந்நிய எதிரிக்கு எதிராக அமையவில்லை. 1933 பிப்ரவரியில், ஊதியக் குறைப்பை எதிர்த்து டி ஸேவன் புரொவின்சியன் என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், டச்சு மாலுமிகள் சிலரும் உடன் சேர்ந்தார்கள். சுமத்ராவின் வடமுனையில் அதிகாரிகள் பலர் கரையில் இருந்த இரவில் கப்பலைக் கைப்பற்றி, சுரபாயாவை நோக்கிச் செலுத்தினார்கள். துரத்திச் சென்ற கப்பல்களில் கௌடன் லேயூவும் ஒன்று. பிப்ரவரி 10 அன்று, சுண்டா நீரிணைக்கு அருகே, ஒரு கடல்விமானம் வீசிய குண்டு மேல்தளத்தில் விழுந்து 23 பேர் இறந்தார்கள். கிளர்ச்சி அத்தோடு முடிந்தது.

இதைக் கிளைக்கதையாக நான் சொல்லவில்லை. கௌடன் லேயூவிலும் பிரின்ஸ் ஃபான் ஒரான்யேவிலும் கொதிகலன் அறையிலும் மேல்தளத்திலும் உழைத்தவர்களில் ஜாவாக்காரர்களும் மதுராக்காரர்களும் மினஹாசாக்காரர்களும் உண்டு. தங்கள் தோழர்கள் மேல் குண்டு வீசிய அதே கடற்படைக்காக, ஒன்பது ஆண்டுகள் கழித்து அவர்கள் உயிர்கொடுக்க வேண்டியிருந்தது. டச்சுக் கடற்படையின் போர்க்காலத்தைப் பேசும் நூல்கள் அதிகாரிகளின் பெயர்களை வரிசையாகத் தருகின்றன. இவர்களைப் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே தருகின்றன. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. இந்த அவையிலுள்ள இளம் ஆய்வாளர்கள் யாரேனும் இந்தோனேசிய மொழி கற்று அந்தப் பக்கத்திலிருந்து எழுத முன்வந்தால், அது எங்கள் தலைமுறை செய்யாத வேலையாக இருக்கும்.

1940 மே மாதம் நெதர்லாந்து ஜெர்மனியிடம் வீழ்ந்தது. தாய்நாடு போன பின்னும் குடியேற்ற நாடு தனித்து நின்றது. 1941-இல் அமெரிக்காவோடு சேர்ந்து டச்சு ஆட்சியும் ஜப்பானுக்கு எண்ணெய் தருவதை நிறுத்தியது. அதன் பிறகு ஜப்பான் எங்கே வரும் என்பதில் ஐயம் எதுவும் இருக்கவில்லை. முதலில் வரக்கூடிய இடங்களில் ஒன்று தாரகான்.

தாரகான் போர்னியோவின் வடகிழக்குக் கரையை ஒட்டிய ஒரு சிறு தீவு, சதுப்பும் காடும் நிறைந்தது. அங்கே கிடைத்த கச்சா எண்ணெய் மிகத் தூயது. சுத்திகரிக்காமலே கப்பல் உலைகளில் எரிக்கலாம் என்று பெயர் பெற்றது. அதைக் காக்க லெப்டினன்ட் கர்னல் சைமன் டி வால் தலைமையில் ஏறத்தாழ 1,300 வீரர்கள், கரையோரப் பீரங்கிகள் சில, கடலில் பிரின்ஸ் ஃபான் ஒரான்யே. கப்பல் தன் வேலையைச் செய்திருந்தது. தீவை அணுகும் நீர்வழியில் கண்ணிகள் போடப்பட்டிருந்தன.

1942 ஜனவரி 10 அன்று ஜப்பானியக் கப்பற்கூட்டம் வருவதைக் கடல்விமானம் ஒன்று கண்டு சொன்னது. டி வால் எண்ணெய் நிலைகளுக்குத் தீவைக்க ஆணையிட்டார். அன்று நள்ளிரவையொட்டி ஜப்பானியர் தீவின் கிழக்குக் கரையில் இறங்கத் தொடங்கினார்கள். கடல்வழி முற்றிலும் அடைபடுமுன் கே-10 என்ற நீர்மூழ்கி நழுவியது. பி-1 என்ற சிறு காவற்படகு இலைதழைகளால் தன்னை மூடிக்கொண்டு, ஆற்றுவழியே சமரிந்தாவரை போய்ச் சேர்ந்தது. பிரின்ஸ் ஃபான் ஒரான்யேயும் ஜனவரி 11 இரவு வெளியேற முயன்றது. 1,300 டன் கப்பலை இலையால் மறைக்க முடியுமா? தீவின் வடகிழக்கே யமகாஸே என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பலும் ஒரு காவற்கப்பலும் அதைக் கண்டுவிட்டன. யமகாஸேயிடம் 12.7 சென்டிமீட்டர் பீரங்கிகள் ஐந்து. வேகத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். கட்டியபோதே தெரிந்திருந்த கணக்கு அன்றிரவு சரியாக நடந்தேறியது. கப்பல் மூழ்கியது, மாலுமிகளில் பெரும்பாலோர் அதனோடு போனார்கள்.

கப்பலின் கதை இங்கே முடிகிறது, அதன் பணி முடியவில்லை. மறுநாள் காலை, ஜனவரி 12-இல், டி வால் சரணடைந்தார். ஜப்பானியரின் எண்ணெய்க் கப்பல்கள் உள்ளே வர வேண்டுமானால் கண்ணிகளை வார வேண்டும். அதற்குக் கண்ணி வாரும் கப்பல்கள் நீர்வழிக்குள் போக வேண்டும். தீவின் தெற்குப் பகுதியில் கருங்கன் என்ற இடத்தில் ஒரு பீரங்கி நிலை இருந்தது. தொலைபேசிக் கம்பிகள் அறுந்துபோனதால் சரணாகதிச் செய்தி அதற்கு எட்டவில்லை. இதை உணர்ந்த ஜப்பானியத் தரைப்படைத் தளபதி சகாகுச்சி, இப்போது போகாதீர்கள் என்று தம் கடற்படையை எச்சரித்தார். கடற்படை கேட்கவில்லை. கண்ணி வார நுழைந்த டபிள்யூ-13, டபிள்யூ-14 என்ற இரண்டு கப்பல்களையும் அந்தப் பீரங்கிகள் அடித்து மூழ்கடித்தன.

பீரங்கிக்காரர்கள் தங்கள் கடமையைச் செய்தவர்கள். சரணடைந்த செய்தி அறியாமல் சுட்டவர்கள். பின்னர் அவர்களும் கைதிகளானார்கள். சில நாட்களில் ஜப்பானியர் பழிதீர்த்தார்கள்: டச்சுப் படையைச் சேர்ந்த 215 கைதிகளைக் கடலுக்குக் கொண்டுபோய் மூழ்கடித்துக் கொன்றார்கள். போர்க்குற்றம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் இல்லை. நான் இதைக் கண்ணிக் கப்பலின் பணிவரலாற்றில் வைத்துப் படிப்பதற்குக் காரணம், இந்தக் கோவையின் முதல் கண்ணி பிரின்ஸ் ஃபான் ஒரான்யே போட்டது என்பதே. கண்ணி இல்லாவிட்டால் வாரும் கப்பல்கள் அந்த நேரத்தில் அங்கே நுழைய வேண்டிய அவசரம் இல்லை. கப்பலைக் குறை சொல்லவில்லை. அதன் செயல் எவ்வளவு தொலைவு நீண்டது என்பதைக் காட்டுகிறேன்.

தாரகானுக்குப் பிறகு பாலிக்பாப்பன், பலெம்பாங், சிங்கப்பூர், பாலி என்று ஒவ்வொன்றாகப் போயின. பிப்ரவரி இறுதியில் எஞ்சியது ஜாவா. 1942 பிப்ரவரி 27 அன்று ஜாவாவின் தெற்கிலும் வடக்கிலும் இரண்டு டச்சுக் கண்ணிக் கப்பல்கள் பெரிய நிகழ்ச்சிகளின் ஓரத்தில் நின்றன. இரண்டும் அன்று எவரையும் பார்த்துச் சுடவில்லை.

தெற்கில் நின்றது வில்லெம் ஃபான் டெர் ஸான், 1939-இல் பணியில் சேர்ந்த புதிய கப்பல். ஆஸ்திரேலியாவிலிருந்து 32 பி-40 போர்விமானங்களை ஏற்றிக்கொண்டு லாங்லி என்ற அமெரிக்கக் கப்பல் சிலாச்சாப் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் முதல் விமானந்தாங்கியாக இருந்து, பின்னர் கடல்விமானத் துணைக்கப்பலாக மாற்றப்பட்டது அது. அதற்குக் காவலாக முந்தைய நாள் மாலை கண்ணிக் கப்பலும் இரண்டு கடல்விமானங்களும் அனுப்பப்பட்டன. கண்ணிக் கப்பலுக்கோ கொதிகலன் கோளாறு, வேகம் குறைந்துவிட்டது. லாங்லியின் தலைவர் மெக்கானல் அதை விட்டுவிட்டு முன்னே செல்ல முடிவு செய்தார். பிறகு வந்த ஆணைகள் அவரைத் திரும்ப வைத்தன; பிறகு வேறு காவற்கப்பல்களைச் சந்திக்கச் சொன்னார்கள். ஒரே கப்பலுக்கு இரண்டு தலைமையகங்கள் ஆணையிட்டுக்கொண்டிருந்தன. இதில் போன நேரத்தால், விடியுமுன் கரை சேர வேண்டிய கப்பல் பகல் வெளிச்சத்தில் திறந்த கடலில் அகப்பட்டது. ஜப்பானிய விமானங்களின் குண்டுகள் ஐந்து அதன் மேல் விழுந்தன. 32 விமானங்களும் போயின.

அதே நாள் வடக்கில், கௌடன் லேயூ துபானுக்கு வெளியே ஜாவாவின் கரையோரம் கண்ணிகளைப் போட்டது. அதன் நோக்கத்தில் எந்தப் பிழையும் இல்லை. ஜப்பானியர் அந்தக் கரையில்தான் இறங்குவார்கள் என்று டச்சுக்காரர்கள் கணித்தார்கள்; மார்ச் முதல் நாள் அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத கிராகானில் ஜப்பானியர் இறங்கவும் செய்தார்கள். ஆனால் கண்ணிகள் நீருக்குள் இறங்கிய அன்று மாலைதான் ஜாவாக் கடற்போர் தொடங்கியது. டச்சு, பிரிட்டிஷ், அமெரிக்க, ஆஸ்திரேலியக் கப்பல்கள் சேர்ந்த கூட்டணியை டச்சுத் தளபதி கேரல் டூர்மன் நடத்தினார். பகற்போரில் கூட்டணிக் கப்பல்களில் எக்ஸெட்டர் அடிபட்டுப் பின்வாங்கியது, கோர்டெனார் டார்பிடோவில் பிளந்தது, எலெக்ட்ரா மூழ்கியது. இருட்டிய பிறகு, ஜப்பானியரின் துருப்புக் கப்பல்களைத் தேடி டூர்மன் தெற்கே ஜாவாக் கரைக்கு வந்து, கரையையொட்டி மேற்கே திரும்பினார்.

அணியின் கடைசியில் வந்தது ஜூப்பிட்டர் என்ற பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல். இரவு ஒன்பது மணி கடந்த சிறிது நேரத்தில் அதன் அடியில் பெரும் வெடிப்பு. தன்னை டார்பிடோ தாக்கியதாகவே அது செய்தி அனுப்பியது. அருகே எந்த நீர்மூழ்கியும் இல்லை. அன்று பகலில் நட்பு நாட்டுக் கப்பல் போட்ட கண்ணி அது. ஜூப்பிட்டர் சில மணி நேரம் மிதந்து பிறகு மூழ்கியது. கரை சேர்ந்தவர்களில் பலருக்குச் சிறைவாழ்வுதான் காத்திருந்தது. அன்றிரவே டி ராய்ட்டர், ஜாவா என்ற டச்சுக் கப்பல்களும் டார்பிடோக்களால் மூழ்கின, டூர்மனும் திரும்பவில்லை.

இதில் கௌடன் லேயூவின் மேல் பழிபோடுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. அந்தக் கப்பல் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில், சொன்ன வேலையைச் செய்தது. தவறு எங்கே நேர்ந்தது? நான்கு நாட்டுக் கடற்படைகள், வெவ்வேறு குறியீட்டு நூல்கள், ஒன்றாகப் பயிற்சியே செய்திராத கப்பல்கள். ஒரு கண்ணிப் பரப்பைக் கடலில் இறக்கினால், அது இருக்கும் இடம் நம் பக்கத்தில் ஓடும் கடைசிக் கப்பலின் வரைபடம்வரை போய்ச் சேர்ந்து, அந்தக் கப்பல் விலகிச் செல்லும்படி பாதையும் அமைய வேண்டும். வணிகக் கப்பல்களுக்காக ஹேக் நகரில் எழுதிவைத்த அந்த அறிவிக்கும் கடமை, தம் தோழமைக் கப்பல்களுக்கு இன்னும் கூடுதலாக உண்டு. கண்ணி போடுவது பாதி வேலைதான். அன்று மறுபாதி செய்யப்படவில்லை.

மார்ச் 8-இல் ஜாவா சரணடைந்தது. அதற்கு முந்தைய நாள் கௌடன் லேயூ, எதிரி கையில் விழாதிருக்கத் தன் மாலுமிகளாலேயே சுரபாயாப் பகுதியில் மூழ்கடிக்கப்பட்டது. சுரபாயாவிலிருந்து மரக்கிளைகளைப் போர்த்துத் தீவு போல வேடமிட்டு ஆஸ்திரேலியாவரை தப்பிய ஆப்ரஹாம் கிரெய்ன்சன் என்ற கண்ணி வாரும் கப்பலின் கதையை உலகம் விரும்பிச் சொல்கிறது. இன்றும் டென் ஹெல்டரில் அது அருங்காட்சியகமாக நிற்கிறது. விரும்பத்தக்க கதைதான், மறுக்கவில்லை. அதே நாட்களில் மூழ்கடிக்கப்பட்ட மற்றக் கப்பல்களின் பெயர்களையும் அதோடு சேர்த்துச் சொன்னால் போதும்.

வில்லெம் ஃபான் டெர் ஸான் கொதிகலன் கோளாறோடே தப்பி நம் பக்கம் வந்தது. கொழும்பை அடைந்து, பிரிட்டனின் கிழக்குக் கடற்படையோடு சேர்ந்து, இந்தியப் பெருங்கடலில் வணிகக் கப்பல்களுக்குக் காவலாக ஓடியது. கண்ணி போடக் கட்டிய கப்பலுக்கு அது அயலான வேலை. போர் முடியும்வரை அதைச் செய்து பிழைத்தது.

தாரகானைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 1945 மே முதல் நாள் ஆஸ்திரேலியப் படை அந்தத் தீவை மீட்க இறங்கியது. அதற்குச் சில நாட்கள் முன்பே கண்ணி வாரும் கப்பல்கள் வந்து வேலையைத் தொடங்கியிருந்தன. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் அந்த நீரில் ஒன்றுக்கு மேற்பட்ட தரப்பின் கண்ணிகள் சேர்ந்துவிட்டிருந்தன. ஏப்ரல் 30 அன்று ஜென்கின்ஸ் என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல் அங்கே கண்ணியில் மோதிச் சேதமடைந்தது. மே 2 அன்று, கண்ணி வாரிக்கொண்டிருந்த ஒய்.எம்.எஸ்-481 என்ற அமெரிக்கச் சிறு கப்பலைக் கரையோரப் பீரங்கிகள் சுட்டு மூழ்கடித்தன. இம்முறை பீரங்கியின் பின்னால் இருந்தவர்கள் ஜப்பானியர். தீவை மீட்ட சண்டையில் ஆஸ்திரேலியர் இருநூறு பேருக்கும் மேல் இறந்தார்கள்.